பிறவுணிக்கு ஒரு வீடு

நாய்க்குச் சோறு வைக்கக்குள்ள மீன்முள்ள எடுத்துப்போட்டுத்தான் வைக்கணும், பாதர். கனபேருக்கு அது தெரியாது. என்ட நாய் பிறவுணியக் கேட்டு வந்த ஆக்களிட்ட நான் முதல்ல கேட்டது அதத்தான்.

சுனாமி அடிச்ச மூண்டாம் நாள், நாவற்குடாவில இடிஞ்ச மதிலுக்கும் கவுண்ட தோணிக்கும் நடுவில கிடந்தது. குட்டி. பின்னங்காலத் தகரம் வெட்டியிருந்தது. நான் பாமசியில வேலை, மருந்து கட்டத் தெரியும். நல்ல வீடொண்டு கிடைக்குமட்டும் வச்சிருப்பம் எண்டு தூக்கிட்டுப் போனன். தம்பி நோபேட்டின்ட வீட்டிலதான் நான் இருந்தன். அவன்ட பெண்சாதிக்கு இழுப்பு, நாய்மயிர் ஆகாது. மூண்டு பேருக்குக் குடுத்தன். கோழி பிடிக்குது, குலைக்குது எண்டு மூண்டு பேரும் திருப்பிக் கொண்டு வந்து விட்டாங்க. இப்படியே நாலு வருசமாப் போச்சு.

பிறகுதான் உதயரூபன் வந்தார். மேசன் வேலை. முந்திப் புலிகள் இருந்த வாகரைப் பக்கம், கதிரவெளியால இடம்பெயர்ந்து களுதாவளையில வந்து இருந்தவங்க, அவரும் பெண்சாதி தக்ஷாயினியும். பிள்ளையில்ல. முள்ளு எடுத்துப்போடுவிங்களா எண்டு கேட்டன்.

"நான் எடுத்துக் குடுக்காட்டி இவவே மீன் தின்னமாட்டா அக்கா" எண்டு பெண்சாதியக் காட்டிச் சிரிச்சார்.

நாயின்ட காலப் பாத்திட்டுத் தன்ர சாறனக் கொஞ்சம் உயத்திக் காட்டினார். முழங்காலுக்குக் கீழ நீட்டுக்கு ஒரு தழும்பு. அவரையும் சுனாமியண்டு தகரம்தான் வெட்டினதாம். "ரெண்டு பேருக்கும் ஒரே காயம்" எண்டார். நான் குடுத்தன்.

ரெண்டு மாசத்தில தம்பி குடும்பத்தோட கொழும்புக்குப் போயிட்டான். வீட்டில நான் மட்டும். இருக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது. கதவப் பூட்டுவன், திரும்பப் போய்த் திறந்து பாப்பன். ஞாயிறு பூசை முடிய பஸ் ஏறிக் களுதாவளைக்குப் போவன். பிறகு புதன்கிழமையும் லீவு போட்டுப் போனன். ஒரு நாள் கேற்றில நிண்டு கூப்பிட்டன். பிறவுணி தலையத் தூக்கிப் பாத்திச்சு, வால ரெண்டு தரம் ஆட்டிச்சு, திரும்ப உதயரூபன்ட காலில தலைய வச்சுப் படுத்திட்டுது.

நாயத் திருப்பித் தாங்க எண்டு கேட்டன்.

தக்ஷாயினி தலையக் குனிஞ்சுகொண்டு சொன்னா: "தரமாட்டம் எண்டு சொல்லல்ல அக்கா. அது வராதே."

திரும்பி வரக்குள்ள ஆமிச் செக்பொயின்ற்ல பஸ்ஸால எல்லாரையும் இறக்கினாங்க. அங்க ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவர், பாமசிக்குக் குளிசை வாங்க வாறவர். "அந்தப் பக்கம் புது ஆக்கள் ஆரும் இருக்காங்களா மிஸ்?" எண்டு எப்பயும் போலக் கேட்டார். நானும் எப்பயும் இல்ல எண்டுதான் சொல்றது. அண்டைக்கு, வாகரைப் பக்கத்தால வந்த மேசன் ஒருத்தர் இருக்கார், காலில பெரிய காயத் தழும்பு, எங்க பட்டதோ தெரியாது எண்டன். வீடு எது எண்டு கேட்டார், சொன்னன். தழும்பு இருந்தது உண்மைதானே.

வியாழக்கிழமை பின்னேரம் வந்து கூட்டிப்போனாங்களாம். விசாரிச்சிட்டு விடுறம் எண்டு சொன்னாங்களாம்.

அடுத்த கிழமை தக்ஷாயினி நாயோட என்ட வீட்டுக்கு வந்தா. "நான் முகாம் முகாமா அலையுறன் அக்கா. இதக் கொஞ்ச நாளைக்குப் பாருங்க. அவர் வந்தோண்ண ரெண்டு பேருமா வந்து கூட்டிப்போறம்."

ஓம் எண்டன். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். அவ பெரியாக்களுக்குக் குடுத்த கடிதமெல்லாம் நான்தான் எழுதினது. 'எனது கணவர் எந்தக் குற்றமும் செய்யாதவர்' எண்டு ஒவ்வொண்டிலயும் எழுதினன். என்ட கையெழுத்து வடிவு.

இப்ப சண்டையும் முடிஞ்சு ரெண்டு மாசம். அவர் வரல்ல. பிறவுணி சைக்கிள் சத்தம் கேட்டா எழும்பிக் கேற்றடிக்கு ஓடும். பழகிரும். நாய்களுக்கு ஞாபகம் கொஞ்சக் காலந்தான்.

செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்படுறிங்களா மகள் எண்டு கேக்கிறிங்க. ஓம் பாதர், மனஸ்தாபப்படுறன். எனக்கு நித்திரையே இல்ல. அந்தப் பிறவுணிய நான் அவங்கட கையில குடுத்திருக்கவே கூடாது.