பரீட்சைக்கு ஒரு நோயாளி

"ஏட்டி, எனக்கு இப்ப நெஞ்சு வலிக்குன்னு வச்சுக்கோ. நீ என்ன செய்வ?"

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் மனைவியிடம் இப்படிக் கேட்டார். அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"ஃபெயில். தொடுததுக்கு முன்னால பர்மிஷன் கேக்கணும்லா?"

"நம்ம ஆஸ்பத்திரியில அதெல்லாம் கேட்டுட்டு நின்னா ஆளு போய்ச் சேந்துருவாரு."

"இங்கிலாந்துல கேக்கணும். போன தடவை அதுலதான போச்சு."

அவளுடைய நர்ஸ் லைசென்ஸை அங்கே ஏற்றுக்கொள்ள ஒரு செய்முறைப் பரீட்சை பாக்கி என்பது பேச்சில் தெரிந்தது. அவள் ஜன்னலைத் திறந்தாள். சாரல் அடித்ததும் மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"பாஸாயிட்டா உடனே அங்கயே வேலைக்குச் சேரச் சொல்லுவாங்க. பிள்ளைய நீங்க பாத்துக்கிடுவீங்களா?"

"பாத்துக்கிடுதேன்."

"நான் ஊட்டலைன்னா அவளுக்குச் சோறு இறங்காது."

"பழகிக்கிடுவா."

இலஞ்சியில் பஸ் நின்று கிளம்பியது.

"சரி, மாத்திரை குடு," என்றார்.

அவள் வெறும் கையை நீட்டினாள்.

"அலர்ஜி உண்டான்னு கேட்டியா? கேக்காம குடுத்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும்," என்றாள். குரல் உடைந்திருந்தது.

அவர் அவள் பக்கம் திரும்பாமல், "மொதல்ல இருந்து வா," என்றார்.

அவள் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷில் அவருடைய பெயரைக் கேட்டாள்.