முனியாண்டி குடித்த ஷிராஸ்

ஹலோ... பவானி? கட் பண்ணிடாதம்மா, அப்பாதான் பேசுறேன்! உங்க வீட்டு ஷிராஸ் ஒயின நான் குடிக்கல, முனியாண்டி சாமி குடிச்சாரு! படையலுக்கு வெச்ச ரெண்டு ஸ்டவுட்டு பீரையும் தள்ளி வெச்சிட்டு, கேட்டு வாங்கிக் குடிச்சாரு!...

சிரிக்காதலா. நியாலாஸ் எஸ்டேட் கோயில்ல நாலாயிரம் பேரு பாத்தாங்க... சரி, நானூறு... சரிம்மா, பதினாலு பேரு.

ஆமா, ஆமா, மாப்பிள்ள திலீப் ஹோட்டல்ல இருந்து கொண்டாந்த பாட்டில்தான். காடிக்குப் பின்னால, சாமான் வெக்கிற பூட்டுல படையல் ஸ்டவுட்டுகூட ஒரே பையில கெடந்துச்சு, அப்படியே தூக்கிட்டுப் போயிட்டேன். பூசாரி ராமையா மேல சாமி வந்து அதத்தான் எடுத்தாரு. நான் என்னா, சாமி கையில இருந்து புடுங்கவா முடியும்?...

சட்டையா? உங்கம்மா அதுக்குள்ள போன் போட்டாச்சா! வாடை அடிக்காம என்னா செய்யும்? சாமி ஒரு வாய் ஒயின என் தலையிலயே ஊதுச்சு!...

இல்ல... இல்லம்மா. குடிய விட்டு மூணு வருஷம், நாலு மாசம், பதினோரு நாளு. ஒரு சொட்டு தொட்டிருந்தா நாக்கு அழுகிப் போகட்டும். நாளையில இருந்து வேன் வெச்சுக்கிறேன்னு மட்டும் சொல்லாத. பேரப்புள்ளைங்கள பள்ளிக்கு ஏத்திட்டுப் போறதுக்குத்தான் நான் காலையில எந்திரிக்கிறதே...

அதுவும் என்னா ஒயினு! இனிப்பே கெடையாது. பழ வாசம் ஓரமா நிக்குது, பின்னாலயே வெள்ள மிளகு, நெருப்புல வாட்டுன ஆட்டுக்கறி, உப்புல ஊறுன நெல்லிக்கா. கத்தாம, அடக்கமா...

...

ஐயையோ. ருசி எனக்கு எப்படித் தெரியும்னா... பவானி! அது சாமி சொன்னது! குடிச்சிட்டு ஒவ்வொண்ணா சொன்னுச்சு!... சத்தியமா! ராமையா பொறந்ததுல இருந்து ஸ்டவுட்ட தவிர ஒண்ணும் தொட்டதில்ல, அந்த ஆளு வாயில மிளகு எப்படி வரும்? திலீப்ப கேளு... கேளும்மா, பக்கத்துலதான இருக்காரு...

என்னா சொல்றாரு?... மிளகுதானா? பாத்தியா!... நான் சொல்லிக் குடுத்தேனா? எனக்கு என்னாம்மா தெரியும், லோரி ஓட்டுனவன்...

இரு, இரு. கோயில் வாட்சப் குரூப்புல சுப்பம்மா வீடியோ போட்டிருக்கு. அனுப்பிட்டேன்... சுத்துதா? லைன் மோசம். வெக்காத, போன வெக்காத... முனியாண்டி, சீக்கிரம் எறக்கி விடுப்பா...

வந்துருச்சா?... ஆமா, கையக் கட்டிட்டு நிக்கிறது நான்தான்... ஆமா, பாட்டில் அவரு கையில... மிளகுன்னு சொல்றது கேக்குதா?... இப்ப ஊதும் பாரு... ஊதுச்சா? என் வாயப் பாரு. மூடித்தான இருக்கு? பெருசாக்கிப் பாரு...

பவானி?... அழுவுறியா?... அழாத கண்ணு. நீ பயந்தது தப்பில்ல, நான் பண்ணி வெச்சது அப்படி...

என்னா?... இன்னொரு தடவ சொல்லு, லைன் விட்டு விட்டு... ம்... ம்.

சரிம்மா. காலையில ஆறரைக்கு வந்துர்றேன், புள்ளைங்கள ரெடியா வெச்சிரு.

ஏய் பெத்தம்மா! சாமி குடிச்சது நெசமா நடந்துச்சுன்னு உம் மவளே சொல்லிட்டா!