மாலைதீவுக்கு மூன்றாவது ஆள்

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் இருந்தார்கள். சீகிரியாவில் த்ரீவீலர் ஓட்டுகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. இளையவர் பெயர் ரிஸ்வான். மூத்தவரை அவர் மச்சான் என்றே அழைத்தார்.

"அந்த வெள்ளைக்காரங்களை ஊரெல்லாம் சுத்திக் காட்டினது நான். கப்பலுக்குக் கூப்பிட்டது உன்னைய!" என்றார் மச்சான்.

நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"கப்பல் இல்ல மச்சான், சின்னப் பாய்ப்படகு. அவரும் வைஃபும் மட்டும்தான். ராவுல மாறி மாறி முழிச்சிருக்க இன்னொரு ஆள் வேணுமாம். தை மாசம் காலித் துறைமுகத்துல இருந்து கெளம்பினா, வாடைக்காத்தே மாலைதீவு வரைக்கும் தள்ளிட்டுப் போயிருமாம். அப்புறம் தீவு தீவா நின்னு நின்னு போறதாம்."

"உனக்கு நீந்தவே தெரியாதே. நான் மகாவலி ஆத்தை நீந்திக் கடந்தவன்டா. என்னையக் கூப்பிட்டா என்னவாம்?"

"நீ நெறையப் பேசுவியாம். சின்ன எடத்துல கஷ்டமாம்."

மச்சான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் நாலந்தையைத் தாண்டியது.

"உனக்குச் சங்கடம்னா நான் வரலன்னு சொல்லிர்றேன். உம்மாவும் வேணாம்னுதான் சொல்றாங்க," என்றார் ரிஸ்வான்.

"பைத்தியமாடா உனக்கு? நமக்கெல்லாம் இது ரெண்டாந்தரம் வருமா? உம்மாகிட்ட நான் பேசுறேன்."

"அப்ப போகட்டுமா?"

"போ. பத்திரமா போயிட்டு வா."

பிறகு மச்சான் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஆனா வந்து என்கிட்ட ஒரு போட்டோவும் காட்டாத."