பதினொன்றாம் பாட்டு வரை

எனக்கு மது ஆகாது. வாசனையே பிடிக்காது. பட்டறையில் ஒட்டுப்பசை புளித்துப்போனால்கூட ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வெளியே போய் நிற்கிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விவகாரத்தில் மொத்தம் பதினொரு மது பாட்டில்கள் வருகின்றன. பதினொன்றையும் கொண்டுபோனவன் நான்.

நீங்கள் கொடுத்த தாளில் கோடு இல்லை, ஐயா. அதனால் ஸ்கேல் கேட்டேன். காவலர் சிரித்தார். மாலை வகுப்பிலும் இப்படித்தான் சிரிப்பார்கள். அங்கே என் பெயரே ஸ்கேல்தான். தினமும் பத்து வரி இத்தாலிய மொழியில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது டீச்சரின் விதி. மற்றவர்கள் பஸ்ஸில் வரும்போது கிறுக்குவார்கள். நான் மார்ஜின் போட்டு, தேதி போட்டு, சந்தேகமான சொல்லுக்குக் கீழே பென்சிலால் புள்ளி வைத்து எழுதுவேன். என் பக்கங்களில் எழுத்தைவிடப் புள்ளிதான் அதிகம். இந்தத் தாளிலும் சில இடங்களில் வைத்திருக்கிறேன். பொருட்படுத்த வேண்டாம்.

பகலில் பழைய புத்தகங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. பல் டாக்டரை வகுப்பில்தான் சந்தித்தேன். அறுபத்தெட்டு வயது. மனைவி காலமாகிவிட்டார். கண்ணாடிக் கடை நடத்தும் மகளோடு இருந்தார். ஆறு வருடத்துக்கு முன் கல்லீரல் கெட்டு, ரத்தவாந்தி எடுத்து, மயிரிழையில் பிழைத்தவர். அன்று மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர் அதன்பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. குடியை விட்டவர்கள் சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார்கள். இவர் மதுவைப் பற்றிய கவிதைப் புத்தகங்களாகத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார்.

“குடிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. படிக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே” என்பார்.

அவரிடம் இருந்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் புத்தகம். மற்றவை காகிதம். அந்த ஒன்று முந்நூற்று நாற்பது வருடத்துக்கு முன் இத்தாலியில் அச்சானது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. திராட்சை அறுவடை முடிந்ததும் பதினான்கு ஊர்க்காரர்கள் ஒரு கழுதை வண்டிக்காரனை மடக்கி, யார் ஊர் மது உசத்தி என்று தீர்ப்புக் கேட்கிறார்கள். அவன் ஒவ்வொன்றாகக் குடித்து ஒவ்வொரு பாட்டுப் பாடுகிறான். பின்னால் வந்த பதிப்புகளில் பன்னிரண்டாம் பாட்டு கிடையாது. யாரோ ஒரு பெரிய மனிதருக்கு அது பிடிக்காமல் போய்விட்டதாம். பதினான்கு பாட்டும் உள்ள இந்த முதல் பதிப்பில் உலகத்தில் நாலு பிரதிகள் இருப்பதாகக் கணக்கு. அதில் ஒன்றின் மேல் டாக்டர் தன் மாத்திரை டப்பாவை வைத்திருந்தார்.

முதுகுத்தையல் விட்டுப்போயிருந்ததால் பழுதுபார்க்கக் கொடுத்தார். ஏழு வாரம் என் மேஜையில் இருந்தது. ஒவ்வொரு தாளாகக் கழுவி, உலர்த்தி, கிழிசலுக்கு மெல்லிய தாள் கொடுத்து, பழைய ஊசித்துளைகளிலேயே நூல் ஓட்டினேன். அந்தக் காகிதத்தை விரலால் சுண்டினால் மெல்லிய தகரம்போல ஓர் ஒலி வரும். இந்த உவமை சரியா என்று தெரியவில்லை. புள்ளி வைத்திருக்கிறேன்.

எட்டாம் வாரம் திருப்பிக் கொடுத்தேன். கண் முன்னாலேயே விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். ரத்தப் பரிசோதனைச் சீட்டை மடித்து அடையாளத்துக்கு உள்ளே வைத்தார். பிறகு என் தோளில் தட்டினார்.

“டேய் ஸ்கேல், பொட்டப்புள்ளைக்கு நகை செய்ற மாதிரி செஞ்சிருக்கியேடா. எனக்கப்புறம் இது உனக்குத்தான்.”

சும்மா சொல்லவில்லை. வகுப்பு இடைவேளையில் ஒரு தாளில் எழுதி, டீச்சரையும் பஸ் ஓட்டுநரான இன்னொரு மாணவரையும் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்து என்னிடம் கொடுத்தார். பெருந்தன்மையான மனிதர். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

அடுத்த மாதம் வகுப்புக்குக் கேக் வாங்கிவந்தார். கல்லீரல் தேறிவிட்டதாம்.

“இப்படியே இருந்தா இன்னும் பதினஞ்சு வருஷம் கியாரண்டின்னுட்டான். உங்க யாருக்கும் விடுதலை இல்ல” என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தித்தான். பதினைந்து வருடம் என்றால் எழுநூற்று எண்பது வாரம். வாரத்துக்கு நாலு தடவை புத்தகத்தைத் திறப்பார் என்று வைத்துக்கொண்டால் மூவாயிரத்து நூற்றிருபது தடவை எச்சில். முந்நூற்று நாற்பது வருடம் போர், வெள்ளம், எலி எல்லாவற்றுக்கும் தப்பிவந்த ஒன்றை ஒரு பல் டாக்டரின் நாக்குக்குப் பலிகொடுப்பதா என்று நான் யோசித்ததில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. யோசித்ததோடு நின்றுவிடவும் கூடும் என்றுதான் நினைத்தேன். தூண்டிவிட்டது டீச்சர்தான்.

நானும் டாக்டரும் சேர்ந்து முதல் பாட்டை மொழிபெயர்த்துக் கொண்டுபோயிருந்தோம். டீச்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சொல்லெல்லாம் சரியா இருக்கு. ஆனா எழுதினவர் குடிச்சிருக்கார், நீங்க ரெண்டு பேரும் குடிக்கலைன்னு பச்சையா தெரியுதே.”

வகுப்பே சிரித்தது. டாக்டர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் குறித்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் முதல் பாட்டுக்குரிய மதுவோடு அவர் வீட்டுக்குப் போனேன். புத்தகங்களுக்காக நானே செய்த அட்டைப்பெட்டி ஒன்றில் பாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. சனிக்கிழமை மகள் கடையில் இருப்பார். சமையல்காரம்மா அடுக்களையை விட்டு வரமாட்டார். மூட்டுவலி. டாக்டர் தன் பழைய சிகிச்சை அறையில்தான் படிப்பார், நோயாளிகள் சாயும் அதே நாற்காலியில். பக்கத்தில் வாய் கொப்பளித்துத் துப்பும் தொட்டிகூட அப்படியே இருந்தது.

பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறியது.

“வேணாம்டா. பொண்ணுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“குடிக்க வேணாம் சார். வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுங்க. தொட்டிதான் இருக்கே. மொழிபெயர்ப்புக்காகத்தானே.”

“நீ பெரிய வக்கீல்டா.” கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “துப்பினா சத்தியம் மீறினதாகாது, இல்ல?”

“ஆகாது சார்.”

முதல் வாரம் துப்பினார். இரண்டாம் வாரமும் துப்பினார். மூன்றாம் வாரம் நான் புறப்படும்போது தொட்டி காய்ந்து கிடந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வயதில் பெரியவரைத் திருத்த நான் யார்?

மொழிபெயர்ப்பு நன்றாக வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாலாம் பாட்டை வாசித்தபோது டீச்சர் கண்ணைத் துடைத்தார். ஆறாம் வாரத்துக்கு மேல் டாக்டர் ஒரு பாட்டிலை ஒரே அமர்வில் முடித்தார். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவர் புத்தகத்தைத் தொடவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். புரட்டியது நான், சுத்தமான உலர்ந்த விரலால். ஆக, திட்டம் இரண்டு விதத்திலும் பலன் கொடுத்தது.

எட்டாம் வாரம் அவருடைய கண் மஞ்சளாகத் தொடங்கியது. மருத்துவரிடம் போவதை ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார். போனால் மகளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். ஒரு நாள் வாசலில் அவர் மகள் என்னை நிறுத்தினார்.

“தம்பி, நீ வர்ற அன்னிக்கு மட்டும்தான் அப்பா சிரிக்கிறாரு. வராம இருந்துடாதப்பா.”

“வராம இருக்க மாட்டேன்க்கா” என்றேன். சொன்னபடியே ஒரு வாரமும் தவறவில்லை.

காலி பாட்டில்களைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவேன். அடுத்த வாரம் வெறும் பாட்டிலைச் சமையல்காரம்மாவிடம் கொடுப்பேன். எண்ணெய் ஊற்றிவைக்க வசதி என்று அவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். “மகராசனா இரு ராசா” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். லேபிளைத் தூக்கியெறிய மட்டும் எனக்குக் கை வரவில்லை. காகிதம் அல்லவா. நாட்குறிப்பில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பாட்டின் எண், தேதி, அவர் குடித்த அளவு எழுதியிருக்கிறேன். என் அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உங்களுக்குச் சான்று வேண்டுமென்றால் அதுவே போதும்.

பதினொன்றாம் பாட்டின் நடுவில் அவர் திடீரென்று முன்னால் சாய்ந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டார். வந்தது மது இல்லை. இரண்டாம் தடவை வந்தபோது நாற்காலியின் கைப்பிடியெல்லாம் சிவப்பு. “என் பொண்ணைக் கூப்பிடுடா” என்றார். குரல் சின்னப் பையன் குரல்போல இருந்தது.

நான் முதலில் புத்தகத்தை எடுத்து எட்டத்தில் இருந்த அலமாரியில் வைத்தேன். பக்கங்களில் ஏதாவது தெறித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தெறிக்கவில்லை. டம்ளரைக் கழுவினேன். பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு சமையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். சுவர்க் கடிகாரப்படி ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நிமிடமும் அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. நாட்குறிப்பில் அந்த இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். ரத்தத்தில் மது இருப்பதை அங்கே கண்டுபிடித்தார்கள். நீங்கள் வந்து அடுக்களையில் எண்ணெய் நிரப்பிய பத்து மது பாட்டில்களை எடுத்தீர்கள். அலமாரியில் திறந்து கிடந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டீர்கள். சமையல்காரம்மா, அந்தத் தம்பிதான் கொடுத்தது என்று அழுதார். டாக்டரின் மகள் உங்களிடம் என்ன சொன்னார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, பக்கத்தில்தான் நின்றேன்.

“அந்தப் பையனா? சார், அவன் கோடு போடாம ஒரு வரி எழுத மாட்டான்.”

உங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. மது கொடுத்தது சமையல்காரம்மாதான் என்று முடிவுகட்டினீர்கள். அவர் சிறைக்குள் போய் இன்றோடு எழுபத்தோரு நாள். வழக்கு முடிந்ததும் புத்தகம் எனக்கே வந்துவிடும் என்று டாக்டரின் மகள் உறுதி சொல்லியிருந்தார். நான் காத்திருந்தேன். காத்திருப்பது என் தொழிலில் பாதி.

நேற்று முன்தினம் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வந்தேன். மேஜைமேல் புத்தகம் இருந்தது. தலைப்புப் பக்கத்தில் சான்றுப்பொருள் சீட்டை ஸ்டேப்ளர் ஊசியால் குத்தியிருக்கிறார்கள். இரண்டு ஊசி, ஐயா. ஒன்று வளைந்துபோனதால் பக்கத்திலேயே இன்னொன்று. போதாததற்கு நீல பால்பாயிண்ட் பேனாவால் எண்ணும் எழுதியிருக்கிறார்கள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனிதர்கள் இவ்வளவு இரக்கமில்லாமல் இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

டாக்டரைக் கொன்றவன் நான். தெரிந்து, திட்டமிட்டு, வாரம் ஒரு பாட்டிலாகக் கொன்றேன். இனி யாரையும் விசாரிக்கத் தேவையில்லாததால் வழக்கை விரைவாக முடித்துவிடலாம். ஊசியை நீங்களாகப் பிடுங்க வேண்டாம். ஈரக்காற்றில் துரு இறங்குவதற்குள் என்னைக் கூட்டிப்போனால், தாள் மடிக்கும் எலும்புக் கத்தியால் ஊசியின் கால்களை நிமிர்த்தி நானே எடுத்துத் தருகிறேன். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

புத்தகத்துக்காகத்தான் இவன் வாய் திறந்தான் என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொள்ளக்கூடும். அப்படி எழுதிவிட வேண்டாம். குற்றமே செய்யாத அந்தச் சமையல்காரம்மா சிறையில் இருப்பதை என் மனசாட்சி தாங்கவில்லை, அதனால்தான் வந்தேன். கீழே அவருடைய பெயரை எழுத இடம் விட்டிருக்கிறேன். யாரிடமாவது கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியாது.