நாலரைக் கட்டை

கொடைக்கானலில் இசைத்தட்டு வைத்திருப்பவன் வாரம் ஒருமுறை அவற்றைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். பழைய பட்டுத்துணிதான் நல்லது. என் மனைவி வடிவின் கல்யாணப் புடவையைக் கிழித்துத்தான் நான் துடைத்துவந்தேன். மூன்று நாள் அழுதாள். அந்தப் புடவைக்கு அதைவிட மேலான உபயோகம் அவளால் கிடைத்ததில்லை.

சிம்பொனி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, இன்ஸ்பெக்டர். நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து வாசிப்பது. ஐரோப்பியர்கள் பழைய காலத்தில் அதைப் பெரும்பாலும் மேஜரில்தான் எழுதினார்கள். மேஜர் என்றால் சந்தோஷம். சந்தோஷம் யாருக்கும் புரியும். மைனர் என்றால் துக்கம். அதில் எழுதியது குறைவு. ஜி என்ற சுருதியில் வைத்த ஜி மைனர் அதைவிடக் குறைவு. நான் ஜி மைனரை மட்டுமே சேர்த்தேன். மற்றதை ஊருக்கு விட்டுவிட்டேன்.

நாற்பத்தேழில் சீமைக்குத் திரும்பிய ஒரு காப்பித் தோட்டத்து துரையிடமிருந்து கிராமபோனையும் முதல் தட்டுகளையும் வாங்கினேன். அட்டுவம்பட்டி வீட்டில் அதற்கென்றே ஓர் அறை. எதிரொலிக்காமலிருக்கச் சுவர் முழுக்கக் கம்பளி. ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். டாக்டர், பள்ளிக்கூட ஆசிரியர்கள், சர்ச்சில் பாட்டுக் குழு நடத்தும் மிஸ் கார்வர். தட்டு வைக்குமுன் சிறிது பேசுவேன். ஜி மைனரின் துக்கம் வேறெந்தச் சுருதியிலும் வராது, அரை ஸ்வரம் நகர்ந்தாலும் செத்துவிடும் என்பேன். பதினோரு வருஷம் அப்படிப் பேசினேன். பல தடவை கண் கலங்கியிருக்கிறேன்.

பொன்னுவேல் தபாலாபீசில் தந்தி குமாஸ்தா. பழனிக்காரன். ஒரு ஞாயிறு தந்தி கொண்டுவந்தவன் வாசலிலேயே நின்று கேட்டான். மிஸ் கார்வர்தான் இரக்கப்பட்டு உள்ளே கூப்பிட்டாள். அவன் அப்பா கோயிலில் ஒத்து ஊதுகிறவர். நாயனக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க ஒரே ஒரு ஸ்வரத்தை ஊதும் மனிதர். அந்த வீட்டில் பிறந்தவனுக்கு என்ன தெரிந்துவிடும்? மூலையில் ஒரு முக்காலி கொடுத்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, நான் பேசி முடித்து முதல் பக்கம் ஓடியதும், அவன் எழுந்தான்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஜி-ன்னா எங்க கணக்குல அஞ்சு கட்டைங்க. இது நாலரைக் கட்டைல கெடக்குங்க."

நான் சிரித்தேன்.

"எங்கப்பா ஒத்து ரெண்டு கட்டைங்க. பொறந்ததுலேருந்து காதுல கெடக்கு. அதுலேருந்து எண்ணித்தான் பாத்தேன். மெசினு மெதுவாச் சுத்துது."

மிஸ் கார்வர் கைப்பையிலிருந்து சுருதிக்குழலை எடுத்து ஊதினாள். அவன் சொன்னதுதான் சரி. நான் தடுக்குமுன், பெட்டியின் ஓரத்திலிருந்த வேகத் திருகை நகத்தால் திருப்பினான். தட்டு மறுபடி ஓடியபோது இசை விறுவிறுவென்று, பளிச்சென்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எங்களுக்கு முதல் நாளே தெரியும், மிஸ்டர் சேனாதிபதி," என்றாள் மிஸ் கார்வர், மெதுவாக. "உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை."

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. படித்தவள், மறைக்கத் தெரிந்தவள். அவனுக்கு அது தெரியவில்லை.

அன்றே திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன்.

தைப்பூசத்துக்கு வடிவு பழனிக்குப் போய்விட்டாள். பொன்னுவேலும் கிளம்பத்தான் இருந்தான். ஒரு முழு சிம்பொனியைத் தனியாக உட்கார்ந்து கேட்கலாம் என்றதும் பயணத்தை ஒருநாள் தள்ளிப்போட்டான். பிற்பகல் மூன்று மணி. பனிமூட்டத்தில் வாசல் கேட்கூடத் தெரியவில்லை. அறையில் கணப்புச்சட்டி நிறையக் கரி போட்டுவைத்தேன். காற்றுத் துளையில் கம்பளியைத் திணித்தேன். தட்டு மாற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"ஐயா, சுருதி திரும்ப எறங்கிருச்சுங்களே," என்றான் உள்ளிருந்து.

"அப்படியே கேள்."

தட்டுக்கு ஒரு பக்கம் நாலு நிமிஷம். மொத்தம் ஆறு பக்கம். முதல் இரண்டை உடனுக்குடன் மாற்றினான். மூன்றாவதுக்குப் பின் இடைவெளி நீண்டது.

"தல சுத்துதுங்க. கதவத் தொறக்கட்டுங்களா?"

"ஈரக்காற்று பட்டால் தட்டு கெட்டுப்போகும். முடியட்டும்."

"சரிங்க," என்றான். அந்த வகை மனிதர்கள் அப்படித்தான். சரிங்க என்று சொல்லிவிட்டு நான்காவது பக்கத்தையும் வைத்தான். அது முடிந்த பிறகு ஊசி தட்டின் நடுவில் கீறிக்கொண்டே இருந்தது. சாவி கொடுக்க ஆளில்லாமல் அந்தச் சத்தமும் நின்றது. தட்டுக்கு ஒன்றுமாகவில்லை.

குளிருக்குக் கரி மூட்டிக் கதவடைத்துச் செத்தான், கீழ்நாட்டுப் பையன், பழக்கமில்லை என்றார்கள். இங்கே குளிர்காலத்தில் நடப்பதுதான். நீங்களும் அதையே எழுதிக்கொண்டு போனீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்களிடம் அதற்குமேல் எதிர்பார்க்கவுமில்லை.

போன வாரம் அவன் அப்பா நாச்சிமுத்து வந்தார், மகன் கடைசியாக இருந்த அறையைப் பார்க்க வேண்டுமென்று. மரியாதைக்கு அந்தத் தட்டை வைத்தேன். கைகட்டி நின்று கேட்டார். கண் துடைக்கவில்லை.

"பொங்க லீவுக்கு வந்தப்ப எம்மவன் இதத்தான் பாடிக் காட்டுனான்," என்றார். "ஆனா இது அரைக் கட்டை எறங்கிக் கெடக்குங்களே சாமி."

அவமானத்தால் அவனைக் கொன்றேன் என்று எழுதிவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களிடம் ஒருவன் அவமானப்பட முடியாது. அந்தத் துக்கத்தை அவன் கெடுத்தான், அதனால்தான். கிழவர் பேசி முடிக்குமுன்பே கணப்புச்சட்டியைத் தேடி என் கண் போய்விட்டது. தாழ்ப்பாளையும் பார்த்துக்கொண்டேன். பிறகு அவருக்குக் காப்பி கொடுத்து, குடும்பத்தில் யார் யார் என்று விசாரித்தேன். பொன்னுவேலுக்குக் கீழே இன்னும் மூன்று பையன்களாம்; மூவருக்கும் அவனைவிட நல்ல காதாம். அதனால்தான் நானே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.