லோஜினிக்கு எழுதிக் கொடுத்த பத்து வாக்கியங்கள்

ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள் போதும். அதற்கு மேல் படித்தால் மனத்தில் தங்காது. பத்தாம் வகுப்பிலிருந்து நான் அப்படித்தான் ஆங்கிலம் படித்தேன். பாடசாலை விட்டதும் ராகலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த மாலை வகுப்புக்குப் போவேன். அன்று கற்ற சொற்களைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்திலும், அன்று நடந்ததை வலப்பக்கத்திலும் எழுதுவேன். இப்படிப் பதினாறு குறிப்பேடுகள் சேர்ந்துவிட்டன. என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இங்கே எழுதும் ஒவ்வொன்றையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நடுவிலேயே பிழை திருத்த உட்கார்ந்துவிடுவேன். சொல்ல வந்தது நின்றுவிடும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆங்கிலம் படிக்கப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் லோஜினி. நான் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது அவள் முதலாம் ஆண்டுக்கு வந்தாள்.

அவளுடைய அம்மா மீனம்மாவுக்குப் தோட்ட நிர்வாகியான பெரியதுரையின் பங்களாவில் சமையல் வேலை. சின்ன வயதில் லோஜினி பள்ளி விட்டதும் தொழிலாளர் லயத்துக்கு வராமல் பங்களா குசினிக்குத்தான் போவாள். துரையின் இரண்டு பிள்ளைகளோடு ஓடுவாள், சண்டை போடுவாள், விளையாட்டில் ஏமாற்றினால் திட்டுவாள். எல்லாம் ஆங்கிலத்தில். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளிடம் குறிப்பேடும் கிடையாது.

புதியவர்கள் மூத்தவர்கள் முன்னால் ஆங்கிலம் பேசக்கூடாது என்பது எங்கள் பகிடிவதையின், அதாவது ராகிங்கின், முதல் சட்டம். சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வாள் என்று பொருள். தெரிந்தவன் தெரியாதவனை வெட்ட வைத்திருப்பது என்பார்கள். ஆங்கிலத்தையே பாடமாகப் படித்த நாங்களும் அந்தச் சட்டத்தைக் காவல் காத்தோம். காலையில் விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலம். பகலில் கன்டீனில் அதற்குத் தடை.

முதல் வாரம், புதன்கிழமை, என் வகுப்புக் கிஷாந்த் அவளைக் கன்டீனில் நிறுத்திப் பெயரும் ஊரும் கேட்டான். பதற்றத்தில் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டாள்.

"ஓ, வாளோடதான் வந்திருக்கீங்களா. எந்த தொரை வீட்டுப் புள்ளம்மா நீ?"

"தொரை வீட்டுலதாங்க அண்ணே. எங்கம்மா அங்க சட்டி கழுவுறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கிஷாந்தும் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. அவள் முதலில் சொன்ன ஆங்கில வாக்கியம் என் காதில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஓடுவது மாதிரி வந்த வாக்கியம். என் பேச்சைக் கேட்டவர்கள் நன்றாகப் படித்திருக்கிறாய் என்றுதான் சொல்வார்கள். நன்றாகப் பேசுகிறாய் என்று ஒருவரும் சொன்னதில்லை.

"கிஷாந்த், இவ எங்க தோட்டத்துப் புள்ள. விடு, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அன்றைய வலப்பக்கத்தில், 'ஒரு பிள்ளையைக் காப்பாற்றினேன்' என்று எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். அதற்குப் பிறகு அவளை வேறு யாரும் தொடவில்லை.

நான்கு மாதத்தில் பகிடிவதைக் காலம் முடிந்தது. வழக்கம்போல் வரவேற்பு விருந்து நடந்தது. மூத்தவர்களே புதியவர்களுக்குச் சோறு பரிமாறினார்கள். மறுநாள் லோஜினி என் விடுதி அறைக்கு வந்தாள்.

"அக்கா, இனி பேசலாந்தானே?"

"மத்தவங்க பேசலாம். இங்கிலீசு படிக்கிறவங்களுக்குச் சட்டம் வேற. வருசக் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாது."

"கொழும்புப் புள்ளைங்க பேசுறாங்களே."

"அவங்களுக்கு ஆளிருக்கு. ஒனக்கு இங்க நான் ஒருத்திதான். ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்கம்மா என்னையதான் கேப்பாங்க."

"சரிக்கா."

அப்படி ஒரு சட்டம் கிடையாது. அவள் கதவருகில் நின்றுகொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் அதை நான் உண்டாக்கினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நாலு பேரிடம் விசாரித்திருப்பாள். நான் ஊர் அக்கா என்பதால் விசாரிக்கவில்லை. இதை எழுதும்போது முகம் சுடுகிறது. அன்று சுடவில்லை.

முதலாம் ஆண்டினருக்கு வாரம் ஒரு தடவை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பேச்சுப் பயிற்சி நடத்துவது எங்கள் துறையின் வழக்கம். லோஜினி இருந்த குழு எனக்கு வந்தது. நான் கேள்வி கேட்பேன். அவள் உதடு அசையும். பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அவள் பக்கத்துப் பிள்ளை அடித்தொண்டையில், "இவளுக்கு எப்புடி இந்தப் பாடம் கெடைச்சிச்சு?" என்று கேட்டது எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது. பருவ இறுதியில் ஒவ்வொருவரைப் பற்றியும் விரிவுரையாளர் மிஸ்ஸுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். லோஜினியின் பெயருக்கு நேரே, 'கூச்சம் அதிகம், அடிப்படை போதாது' என்று எழுதினேன். அந்த வரியை மூன்று தடவை திருத்தினேன். கடுமையாக இருந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன்.

முதலாம் ஆண்டு முடிவில்தான் சிறப்புப் பாடத்துக்கு ஆள் எடுப்பார்கள். ஆங்கிலத்துக்குப் பதினைந்து இடங்கள். எழுத்துப் பரீட்சையில் லோஜினி நன்றாகவே செய்திருந்தாள். மீதி இருந்தது வாய்மொழிப் பரீட்சை மட்டும். அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு இடத்துக்குத்தான். நான் நினைத்திருந்தால் அப்போதாவது விட்டிருக்கலாம்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு அவளைக் கூப்பிட்டு, "இப்ப பேசலாம். ஆனா ஒன் இஷ்டத்துக்குப் பேசாத. குசினியில கத்துக்கிட்ட இங்கிலீசுன்னு மிஸ் கண்டுபுடிச்சிருவாங்க. பங்களா வாடை அடிக்குது" என்றேன்.

அவள் தன் கையை மூக்கருகில் கொண்டுபோனாள். சும்மா ஒரு கணம்தான். உண்மையிலேயே வாடை அடிக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு கையை இறக்கிக்கொண்டு, "அப்ப என்னத்தக்கா பேசுறது?" என்று கேட்டாள்.

பத்து வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கை இலட்சியம், வாசிப்பின் பயன், இப்படி. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அதில் நான் கவனமாக இருந்தேன். எதைக் கேட்டாலும் இவற்றைத் தவிர வேறெதையும் சொல்லக்கூடாது என்றேன்.

பரீட்சை நாளன்று பெயர் கூப்பிடும் வேலை எனக்கு. கதவு பாதி திறந்திருந்தது. மிஸ் ஆங்கிலத்தில் அவளுடைய ஊரைப் பற்றிக் கேட்டார். லோஜினி தன் வாழ்க்கை இலட்சியத்தைச் சொன்னாள். வீட்டில் யார் யார் என்று கேட்டார். வாசிப்பின் பயனைச் சொன்னாள். மிஸ் பேனாவை வைத்துவிட்டு, பயப்படாதே, உன் சொந்தச் சொற்களில் எதையாவது சொல், எதுவானாலும் பரவாயில்லை என்றார்.

லோஜினி திரும்பிக் கதவைப் பார்த்தாள். அங்கே நான் நின்றேன். நான் தலையசைத்திருந்தால் போதும். அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. நான் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன்.

பதினைந்து பேரில் அவள் பெயர் இல்லை. புவியியல் எடுக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் போனாள்; பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. நுவரெலியாவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

படிப்பு முடிந்து நான் எங்கள் தோட்டப் பாடசாலைக்கே ஆசிரியையாக வந்தேன். மாலையில் வாசிகசாலையில் ஆங்கில வகுப்பும் நடத்துகிறேன். வகுப்பு தொடங்கிய வாரமே மீனம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கடைக்கு வெள்ளக்காரங்க வந்தா இவ உள்ள போயி ஒளிஞ்சிக்கிறாளாம் டீச்சர். மொதலாளி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. அந்த தொரை புள்ளைங்கள வெரட்டி வெரட்டி ஏசுனவ இவ. நம்புவீங்களா?"

"அம்மா, சும்மா இருங்க" என்றாள் லோஜினி.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? அங்க நீங்க இருந்ததாலதான் ஒரு வருசமாச்சும் தாக்குப் புடிச்சா. நீங்க சொன்னா கேப்பா டீச்சர்."

அன்றே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். தாய் மகள் இருவர் முன்னிலையிலும், நடந்தது நடந்தபடி. மீனம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்தது. அவர் கையா, என் கையா என்று தெரியவில்லை. "முன் வரிசையில ஒக்காரு லோஜினி" என்று மட்டும் சொன்னேன்.

ஏழு மாதமாக வருகிறாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் செய்ததை நினைத்து நான் வெட்கப்படாத நாள் இல்லை. ஆனால் இப்போது சொன்னால் அவள் குழம்பிப்போவாள். இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். அதனால்தான் அவள் மேல் தனிக் கவனம் எடுக்கிறேன். பலகையில் நான் எழுதும் வாக்கியத்தை முதலில் அவளைத்தான் சொல்ல வைக்கிறேன். பிழையில்லாமல் சொல்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நானே பேசுவது போல இருக்கிறது. பங்களா வாடை கொஞ்சமும் இல்லை. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால், சொந்தமாகப் பேச விடலாம் என்று நினைக்கிறேன்.