தவளைப் புத்தகத்தில் ஒரு வரி

தவளைகளைப் பற்றி எனக்கு அன்றைக்கும் ஒன்றும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர் என் தங்கை புருஷன், விலங்கியல் வாத்தியார். நான் அவருடைய பதிப்பாளர். அரசாங்கமே அவர் நூலை மறுபடி அச்சிடப் போகிறது என்றார்கள். அந்தப் பதிப்பு உங்கள் பொறுப்பாம், அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். டேப்பை ஓட விடுங்கள், தம்பி.

அப்போது என் பதிப்பகம் இழுத்துக்கொண்டு கிடந்தது. அரசு நூலகங்கள் வாங்கினால்தான் பிழைப்பு. அவை என்னைக் கைகழுவிவிட்டன. வீட்டில் கட்டில், நாற்காலி எல்லாமே விற்காத புத்தகக் கட்டுகள்தான். கரையான்கூட எங்கள் வெளியீடுகளைப் பாதி படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. "இன்னைக்கு அடுப்புக்கு எந்தக் கவிஞரைப் போடட்டும்?" என்பாள் என் மனைவி. அச்சு இயந்திரத்தைக் கழற்றிப் போக ஆள் வருவதாக இருந்தது. அது போனால் நான் இல்லை.

அந்த நாளில் விற்றது ஒன்றே ஒன்றுதான்: அரசாங்கம் தடை செய்த புத்தகம். தவளையை யார் தடை செய்வார்கள்? ஆகவே மாப்பிள்ளை கடைசிப் புரூப் பார்த்துக் கொடுத்த பிறகு, நான் ஒரு வரி சேர்த்தேன்.

'தவளை மழை வந்தால்தான் கத்தும். மந்திரிக்கு மைக் இருந்தால் போதும்.'

அப்படியும் பலனில்லை. தணிக்கை அதிகாரி முதல் பக்கத்திலேயே தூங்கிவிட்டார். நானே போய் எழுப்பினேன்.

"ஐயா, இருபதாம் பக்கம் பாத்தீங்களா?"

"தவளை முட்டை போடுதுய்யா. அதுக்கென்ன?"

"அதுக்குக் கீழ பாருங்க."

பார்த்தார். தடை வந்தது. புத்தகம் பறந்தது, மளிகைக் கடையில் பருப்புக்கு அடியில் வைத்து விற்றார்கள். தகவல் தந்தவன் என்பதால் என் அச்சகத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையை மட்டும் அழைத்துப் போனார்கள்.

சிறையில் போய்ப் பார்த்தேன். இருமிக்கொண்டே கேட்டார்: "மச்சான், அந்த வரிய நான் எழுதலையே?"

"எழுதியிருப்பீங்க மாப்ளே. ஞாபகம் இருக்காது."

இருமல் அடங்கியதும் சொன்னார்: "நான் சொன்னா உங்க தங்கச்சி உங்க மூஞ்சில முழிக்க மாட்டா. நீங்களே சொல்லிடுங்க மச்சான். இந்தச் சளி நெஞ்சை விட்டுப் போக மாட்டேங்குது."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வெளியே, நான் உள்ளே. மூன்றாம் பதிப்பை யார் ஓட்டுவது?

தங்கை வந்து அழுதாள். "அவருக்கு ஒரு தவளையக்கூடத் திட்டத் தெரியாது. போய் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா." நான் அவளுக்குக் கருத்துச் சுதந்திரத்தை விளக்கினேன். நல்ல பேச்சு, அதையே பிறகு எத்தனையோ மேடைகளில் பேசி, யானைக்குப் போடுகிற அளவு மாலை வாங்கினேன்.

குளிர்காலத்தில் அவர் உள்ளேயே இறந்துபோனார். அந்த வாரம் விற்றது போல் எந்த வாரமும் விற்றதில்லை.

அரசாங்கம் மாறிற்று. தடை செய்த அதே இலாகா அவருக்குச் சிலை வைத்தது. பீடத்தில் அந்த வரி. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் அந்த வரியைத்தான்.

ஆமாம். சேர்த்தவன் நான், காட்டிக்கொடுத்தவன் நான். வாயைத் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அத்தனையையும் பதிவு செய்துகொள்ளுங்கள். என்ன தண்டனையானாலும் சரி. உங்கள் பதிப்பில் அந்த வரிக்குக் கீழே மட்டும் என் பெயரைப் போட்டுவிடுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரில் வெளியிடுவது பதிப்புத் தொழிலுக்கே இழுக்கு.